நீருக்கடியில் வைட் ஆங்கிள் படம் கெடும்போது: அறிகுறியைப் பார்த்து லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் வழி

அந்தமானில் ஸ்வராஜ் தீவுக்கு அருகே, 18 மீட்டர் ஆழத்தில், ஆளுயரக் கடல் விசிறி ஒன்றைப் படமெடுத்தேன். ஹேவ்லாக் என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் அந்தத் தீவு இன்னும் பலருக்கு விளங்கும். படத்தின் நடுவில் விசிறியின் நரம்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஓரத்துக் கிளைகளோ உலராத மையை விரலால் தேய்த்தாற்போல வெளிப்புறமாக இழுபட்டிருந்தன. லென்ஸ்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, அடுத்த பயணத்துக்குள் விலை கூடிய இன்னொரு லென்ஸை வாங்கினேன். அதே விசிறி, அதே இழுப்பு. லென்ஸுக்கு முன்னால் இருந்த டோம், அதாவது அரைக்கோள முகப்பு, சிறியது என்பதும், டோமுக்கும் கேமராவை நீர் புகாமல் காக்கும் பெட்டியான ஹவுசிங்குக்கும் இடையே விற்பனையாளர் கொடுத்திருந்த நீட்டிப்பு வளையம் அந்த லென்ஸுக்கு உரியதன்று என்பதும் பிறகுதான் தெரிந்தன.

மிரர்லெஸ் கேமராவுடன் கடலில் இறங்குபவர்கள் பெரும்பாலும் லென்ஸை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நீருக்கடியில் லென்ஸ், அதன் முன்னுள்ள காற்று, முன்கண்ணாடி, வெளியிலுள்ள நீர் ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஒரே லென்ஸாக வேலை செய்கின்றன. ஆகவே ஒவ்வொரு கோளாறையும் படத்தில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி, காசு செலவாகாத திருத்தத்தை முதலிலும் புதிய லென்ஸ் வாங்குவதைக் கடைசியிலும் வைத்து எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதல் சோதனையை நீச்சல் குளத்தில் செய்யுங்கள். கடலில் நீரோட்டமும் கலங்கலும் சேர்ந்து, எது எதனால் வந்தது என்று பிரித்தறிய விடமாட்டா. டைல்ஸ் பதித்த குளத்துச் சுவருக்கு நேர் எதிரே, முக்கால் மீட்டர் தூரத்தில் கேமராவை நிறுத்தி, எஃப் 5.6, 8, 11, 16 என்ற அபெர்ச்சர் அளவுகளில் (லென்ஸில் ஒளி புகும் துளை; எண் கூடக் கூடத் துளை சுருங்கும்) நான்கு படங்கள் எடுத்து, டைல்ஸ்களுக்கு இடையே ஓடும் வெள்ளை சிமெண்ட் கோட்டை மூலைகளில் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் கோடு மங்குகிறதா, வளைகிறதா, நிறம் பிரிகிறதா, கறுப்பில் மறைகிறதா என்பது கோளாறை ஏறக்குறையக் காட்டிக்கொடுத்துவிடும். நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் மங்கினால் கேமரா சுவருக்குச் சாய்வாக நின்றிருக்கிறது, அல்லது லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் அடாப்டர் சரியாகப் பொருந்தவில்லை. அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி எடுங்கள்.

ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் தேடுகிறது

மற்ற கோளாறுகள் பலவற்றுக்கும் இதுவே வேர் என்பதால் இங்கே கொஞ்சம் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. வெளியே நீரும் உள்ளே காற்றும் இருக்கும்போது, வளைந்த டோம் ஒரு குழிலென்ஸ் போலச் செயல்பட்டு, எல்லையற்ற தொலைவிலுள்ள பொருளின் மாயபிம்பத்தைக்கூடத் தன் ஆரத்தின் மூன்று மடங்கு தூரத்திலேயே நிறுத்திவிடுகிறது. கேமரா ஃபோகஸ் செய்வது, பொருள் அங்கே இருப்பதுபோலத் தோன்றச் செய்யும் அந்த மாயபிம்பத்தின் மேல்தான்.

8 அங்குல டோமை முழு அரைக்கோளமாக எடுத்துக்கொண்டால் அதன் ஆரம் 10 செ.மீ. கண்ணுக்கெட்டிய தூரத்தில் கிடக்கும் கப்பலின் பிம்பம், டோமின் வெளிப்பரப்பிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் விழும். 1 மீட்டர் தள்ளி நிற்கும் களவா மீனின் பிம்பம் 21 செ.மீ. தூரத்திலும், அரை மீட்டரில் உள்ள பவளத்தின் பிம்பம் 17 செ.மீ. தூரத்திலும் விழும். அதாவது கடல் முழுவதும் டோமுக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்கும் குறைவான இடத்துக்குள் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. 4 அங்குல டோமில் அந்த இடமும் பாதியாகி, மிகத் தொலைவிலுள்ள பொருளே 15 செ.மீ. தூரத்துக்கு வந்துவிடும். இதனால்தான் கரையில் செய்வதுபோல ஃபோகஸை முடிவிலியில் பூட்டிவிட்டு இறங்குபவர்களுக்கு ஒரு படம்கூடத் தெளிவாக வருவதில்லை.

எனவே நீருக்கடியில் லென்ஸ் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எண், அது எவ்வளவு அருகில் ஃபோகஸ் செய்யும் என்பது. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் எஃப் 2.8 இங்கே இரண்டாம் பட்சம். நிக்கானின் இசட் 14-30 மி.மீ. எஃப் 4 லென்ஸுக்கும் சோனியின் 16-35 மி.மீ. ஜி மாஸ்டர் லென்ஸின் முதல் பதிப்புக்கும் அந்தக் குறைந்தபட்ச தூரம் 28 செ.மீ. கேனன் ஆர்.எஃப். 14-35 மி.மீ. லென்ஸுக்கு 20 செ.மீ. காட்சியை மிக அகலமாக வளைத்துப் பிடிக்கும் ஃபிஷ்ஐ லென்ஸ்களில் கேனனின் 8-15 மி.மீ. 15 செ.மீ. வரையும், ஒலிம்பஸின் 8 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 12 செ.மீ. வரையும், பானாசோனிக்கின் 8 மி.மீ. லென்ஸ் 10 செ.மீ. வரையும் நெருங்கும். இந்தத் தூரங்கள் லென்ஸின் முன்முனையிலிருந்து அல்லாமல், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலிருந்து அளக்கப்படுபவை. கேமராவின் மேல்தட்டில் சிறு வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறி இருக்கும், அந்தக் கோடு நிற்கும் தளமே சென்சாரின் தளம்.

லென்ஸை வாங்கும் முன் வீட்டிலேயே இதைச் சோதித்துவிடலாம். டோமின் வெளிப்பரப்பு கேமராவுக்கு முன்னால் எங்கே வருமோ அந்த இடத்தை மேசையில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து 12 செ.மீ. தள்ளி ஒரு நாளிதழை நிறுத்துங்கள். எழுத்துகள் தெளிவாக விழுந்தால், 8 அங்குல டோமுக்குப் பின்னால் அந்த லென்ஸ் கடலில் ஏறத்தாழ கால் மீட்டர் வரை நெருங்கும். எழுத்துகள் தெளிவாகவே மாட்டா என்றால், லென்ஸின் முன்னால் +2 முதல் +4 வரையிலான குளோஸ்-அப் லென்ஸைத் திருகிப் பாருங்கள். ஃபிலிம் காலத்திலிருந்தே வழக்கத்தில் உள்ள இந்த ஏற்பாடு பல லென்ஸ்களைக் காப்பாற்றியிருக்கிறது. முன்கண்ணாடி புடைத்திருக்கும் லென்ஸ்களில் ஃபில்ட்டர் மரை இருக்காது. அவற்றுக்கு இந்த வழி இல்லை என்பதையும் வாங்கும் முன்பே கணக்கில் கொள்ளுங்கள்.

டோமும் தூரமும் சரியாக இருந்தும் லென்ஸ் தேடினால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். ஃபோகஸ் விளக்கு ஒன்றும், பவளத்தின் விளிம்புபோல ஒளியும் நிழலும் சந்திக்கும் இடத்தில் வைக்கப்பட்ட ஃபோகஸ் புள்ளியும் பெரும்பாலும் இதைத் தீர்த்துவிடும்.

நடுப்பகுதி கூர்மையாக இருக்கிறது, மூலைகள் குழைந்துவிட்டன

என் கடல் விசிறிக்கு நேர்ந்தது இதுதான். மாயபிம்பங்கள் ஒரே தளத்தில் நிற்பதில்லை. ஒரு சட்டியின் உட்புறம்போல டோமைச் சுற்றி வளைந்து நிற்கின்றன. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் வைட் ஆங்கிள் லென்ஸோ, சுவர்போன்ற தட்டையான தளத்தில் ஃபோகஸ் செய்வதற்காகச் செய்யப்பட்டது. நடுவில் ஃபோகஸ் சரியாக விழுந்தாலும், மூலைகளில் பிம்பம் அந்தத் தளத்துக்கு முன்னால் வந்துவிடுவதால் அங்கே மங்கல் ஏற்படுகிறது.

முதல் திருத்தம் அபெர்ச்சர். சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப் 11 முதல் 16 வரையிலும், அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்-சி கேமராவில் எஃப் 8 முதல் 11 வரையிலும், இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப் 8 அளவிலும் வைத்துப் பாருங்கள். ஃபோர் தேர்ட்ஸின் சிறிய சென்சாரை ஒரு குறையாகவே பேசுகிறார்கள்; டோமுக்குப் பின்னால் அதே சிறுமை, தெளிவாக விழும் தூர வரம்பான ஃபோகஸ் ஆழத்தைக் கூட்டிக்கொடுத்து உங்களுக்குத் துணைநிற்கிறது. நான் இதைப் பெரிய சாதகமாகவே கருதுகிறேன்.

இரண்டாவது, நீட்டிப்பு வளையம். லென்ஸின் நுழைவுத் துளை, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் அபெர்ச்சர் இருப்பதாகத் தோன்றும் இடம், டோமின் வளைவு மையத்தில் நிற்க வேண்டும். வளையம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தவறினாலே மூலைகள் கெடும். ஹவுசிங் தயாரிப்பவர்கள் எந்த லென்ஸுக்கு எந்த டோம், எவ்வளவு நீள வளையம் என்று போர்ட் சார்ட் (முகப்புகளுக்கான அட்டவணை) வெளியிடுகிறார்கள். கடைக்காரர் கையிருப்பில் உள்ளதைப் பரிந்துரைத்தாலும், சார்ட்டை நீங்களே எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, டோமின் அளவு. டோம் பெரிதானால் பிம்பம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் வளைவை ஃபோகஸ் ஆழம் எளிதில் மூடிக்கொள்ளும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 16-35 மி.மீ. வகை லென்ஸை வைத்துக்கொண்டு 8 அங்குலத்துக்குக் குறைந்த டோமுடன் இறங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே பெரிய டோம் வைத்திருப்பவர்கள், சீ அண்ட் சீ நிறுவனம் ஃபில்ட்டர்போலத் திருகும்படி செய்திருக்கும் திருத்த லென்ஸையும் பார்க்கலாம். மூலைகளின் வளைவை ஈடுசெய்வதற்கென்றே வந்தது அது.

நான்காவதாகத்தான் லென்ஸ் மாற்றம். ஃபிஷ்ஐ லென்ஸின் ஃபோகஸ் தளமும் வளைந்ததே என்பதால், டோமின் வளைந்த பிம்பத்துடன் அது இயல்பாகவே ஒத்துப்போகிறது. அருகிலும் ஃபோகஸ் செய்கிறது. ஆகவே 140 மி.மீ. அளவிலான சிறு டோமிலேயே நல்ல மூலைகளைத் தரும். கேனனின் 8-15 மி.மீ. லென்ஸ் பழைய டி.எஸ்.எல்.ஆர். காலத்தது என்றாலும், அடாப்டர் மூலம் மிரர்லெஸ் கேமராக்களில் இன்றும் மாட்டப்படுவதற்கு இதுவே காரணம். நிக்கானின் 8-15 மி.மீ. லென்ஸும் எஃப்.டி.இசட். அடாப்டருடன் அதே வேலையைச் செய்கிறது. என் கடல் விசிறியின் ஓரத்துக் கிளைகளைக் கடைசியில் எண்ண முடிந்தது ஃபிஷ்ஐயும் சிறு டோமுமாகப் போன பயணத்தில்தான்.

எதிர்பார்த்ததைவிட எல்லாம் பெரிதாக விழுகிறது, ஓரங்களில் நிறம் பிரிகிறது

தட்டைப் போர்ட்டின், அதாவது டோமுக்குப் பதிலாகத் தட்டைக் கண்ணாடி வைத்த முகப்பின், வழியாக எடுத்திருக்கிறீர்கள். தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 28 மி.மீ. லென்ஸின் 75 பாகைப் பார்வைக் கோணம் நீருக்குள் 55 பாகை அளவுக்குச் சுருங்கிவிடும். எவ்வளவு அகலமான லென்ஸை வைத்தாலும் தட்டைக் கண்ணாடி 97 பாகைக்கு மேல் எதையும் உள்ளே விடாது; அந்த எல்லைக்கு நெருங்க நெருங்க ஓரங்கள் இழுபட்டு வானவில் விளிம்பு கட்டும். ஆகவே தட்டைப் போர்ட்டுக்குப் பின்னால் இன்னும் அகலமான லென்ஸை வாங்கி வைப்பது எந்தப் பயனும் தராது.

இங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று டோமுக்கு மாறுவது. மற்றொன்று தட்டைப் போர்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் வெளியே நீருக்குள் மாட்டும் வெட் லென்ஸைச் சேர்ப்பது. நாட்டிகாம் நிறுவனத்தின் டபிள்யூ.டபிள்யூ.எல்.-1 போன்றவை 28 மி.மீ. லென்ஸின் பார்வையை 130 பாகைக்கு விரிக்கின்றன. சோனியின் சிறிய 28-60 மி.மீ. கிட் லென்ஸுடன் இதைச் சேர்த்துப் பலர் வேலை செய்கிறார்கள். விலை அதிகம்தான். ஆனால் நீரைக் கணக்கில் எடுத்துக்கொண்டே வடிவமைக்கப்பட்டது என்பதால் மூலைகள் நன்றாக இருக்கும், ஜூமும் கிடைக்கும். இந்த எண்ணம் புதிதன்று. கடலாய்வாளர் கூஸ்தோவின் குழுவுக்காக உருவான கலிப்ஸோ கேமராவை அடுத்து 1963-இல் வந்த நிக்கோனோஸ் கேமராக்களுக்கு, முன்கண்ணாடி நேரடியாக நீரைத் தொடும் 15 மி.மீ. லென்ஸை நிக்கான் செய்தது. அதன் பார்வைக் கோணம் 94 பாகை.

மூலைகள் கறுத்திருக்கின்றன

கறுப்பின் விளிம்பு கூராக இருந்தால் டோமின் நிழல்மறைப்புத் தகடோ, நீளம் கூடிய நீட்டிப்பு வளையமோ படத்துக்குள் வந்திருக்கிறது. படிப்படியாகக் கறுத்தால் லென்ஸின் இயல்பான ஒளிக்குறைவு. அபெர்ச்சரைச் சுருக்கினால் குறையும். கேனன் 8-15 மி.மீ. லென்ஸில் முழு வட்டமாகக் கறுத்தால் ஜூம் 8 மி.மீ. பக்கம் நழுவியிருக்கிறது, ஃபுல் ஃபிரேமில் 15 மி.மீ. அளவில்தான் ஃபிரேம் நிறையும். ஹவுசிங்கின் ஜூம் கியர் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று மூடும் முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

நடுவில் ஒரு மங்கல் வட்டம், அல்லது பிறை வடிவக் கறை

பிறை வடிவம் என்றால், வெட் லென்ஸுக்கும் போர்ட்டுக்கும் இடையே காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறது. குதித்து இறங்கியதும் லென்ஸைச் சற்றே தளர்த்தி, கேமராவைச் சாய்த்து ஆட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டு மறுபடி பூட்டுங்கள். பாறைத்திட்டை அடைந்த பிறகு நினைவுக்கு வந்தால் அதற்குள் நல்ல காட்சி போய்விட்டிருக்கும். வட்டமான மங்கல் நீருக்குள் போன சில நிமிடங்களில் தோன்றினால் உட்புறம் பனித்திருக்கிறது. அந்தமான் போன்ற ஈரக்காற்று உள்ள இடத்தில் ஹவுசிங்கைப் படகில் திறந்து மூடாமல், குளிர்சாதன அறையில் சிலிக்கா ஜெல் பையுடன் மூடுங்கள்.

படத்துக்குள் லென்ஸின் எழுத்துகள் தெரிகின்றன

சூரியனை நோக்கி எடுத்த நீலப் பின்னணியில் உற்றுப் பார்த்தால், லென்ஸின் முன்வளையத்தில் அச்சிட்ட வெள்ளை எழுத்துகள் தலைகீழாக மிதக்கும். டோமின் உட்பரப்பு கண்ணாடியாக வேலை செய்து லென்ஸையே திருப்பிக் காட்டுகிறது. கறுப்பு மார்க்கரால் அந்த எழுத்துகளை மறைத்தால் போதும். லென்ஸை மறுபடி விற்க வேண்டும் என்று நினைப்பவர்கள் கறுப்பு டேப்பை வளையமாக வெட்டி ஒட்டலாம். வெளிப்பரப்பில் உள்ள சிறு கீறல்களுக்காகக் கவலைப்பட வேண்டாம், அக்ரிலிக் டோமில் அவற்றை நீரே நிரப்பி மறைத்துவிடும். பிறகு மெருகேற்றியும் நீக்கலாம். கண்ணாடி டோம் எளிதில் கீறாது, கீறினால் எளிதில் போகாது.

படம் பச்சை பூத்து, வெள்ளைப் புள்ளிகளோடு சப்பென்று இருக்கிறது

இதற்கு லென்ஸ் மாற்ற நினைப்பவர்களே அதிகம். உங்களுக்கும் மீனுக்கும் இடையே உள்ள நீரின் கனம்தான் இங்கே படத்தைக் கெடுக்கிறது. புதுச்சேரிக்கு வெளியே, மீனவர்கள் பார் என்று சொல்லும் கடலடிப் பாறைத்திட்டுகளில் தண்ணீர் கலங்கியிருக்கும் நாளில், 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்த படம் எந்த லென்ஸிலும் தேறாது. அரை மீட்டருக்குள் நெருங்குங்கள். ஸ்ட்ரோப் எனப்படும் நீரடி ஃபிளாஷ் இரண்டையும் டோமின் தளத்துக்குச் சற்றுப் பின்னால், நன்றாக அகல விரித்து, வெளிநோக்கி லேசாகத் திருப்பி வையுங்கள். துகள்கள் மிதக்கும் நீர் அதிகம் ஒளிபெறாமல் பொருள் மட்டும் ஒளிபெறும்.

லென்ஸ் தேர்வுக்கு இதிலிருந்து வரும் விதி ஒன்று உண்டு. நம் கரையோர நீரில், டோமைத் தொடும் அளவுக்கு நெருங்கி ஃபோகஸ் செய்யும் ஃபிஷ்ஐ லென்ஸ், அதைவிட விலை கூடிய எந்த நேர்கோட்டு ஜூமையும்விட அதிகப் படங்களைத் தரும். திமிங்கலச் சுறா போல, நீங்கள் நெருங்கக் கூடாத பெரிய உயிரினம் தெளிந்த நீரில் வரும்போதுதான் ஜூமின் அருமை தெரியும்.

ஓரத்து மனிதர் நீண்டுவிட்டார், அல்லது கப்பலின் கம்பம் வளைந்துவிட்டது

நேர்கோட்டு லென்ஸ் கோட்டை நேராக வைத்துக்கொண்டு ஓரத்துப் பொருளை இழுக்கும், 14 மி.மீ. அளவில் முக்குளிப்பவரின் துடுப்புக் காலணி கை நீளத்துக்குப் போய்விடும். ஃபிஷ்ஐ உருவத்தைக் காப்பாற்றிக் கோட்டை வளைக்கும். பவளப் பாரில் நேர்கோடே இல்லை என்பதால் அங்கே ஃபிஷ்ஐயின் வளைவு கண்ணுக்குத் தெரியாது. செங்கடலில் 1941-இல் குண்டுவீச்சில் மூழ்கிய எஸ்.எஸ். திசில்கார்ம் போன்ற கப்பலில், சரக்கறையின் விளிம்பும் தூண்களும் வளைந்து நிற்பது உறுத்தும். அங்கே நேர்கோட்டு ஜூமும் பெரிய டோமும் தம் விலைக்கு வேலை செய்யும். நீங்கள் ஆண்டில் எத்தனை நாள் கப்பலிலும் எத்தனை நாள் பாரிலும் இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

கேமரா மேல்நோக்கித் திரும்புகிறது, மணிக்கட்டு வலிக்கிறது

10 செ.மீ. ஆரமுள்ள அரைக்கோளத்துக்குள் ஏறத்தாழ 2 லிட்டர் இடம் இருக்கிறது. லென்ஸும் டோமின் எடையும் ஓரளவு ஈடுகட்டினாலும், மிச்சமுள்ள காற்று கேமராவின் முன்புறத்தை மேலே தூக்கிக்கொண்டே இருக்கும். அக்ரிலிக்கில் இது இன்னும் அதிகம். டோமின் அடியில் சிறு ஈயக்கட்டி கட்டுவது உதவும். நீரோட்டத்தில் நீந்த வேண்டிய இடத்துக்கு நான் பெரிய டோமைக் கொண்டுபோவதில்லை.

பாதி நீர், பாதி வானம் என்ற படத்தில் மேற்பாதி மங்குகிறது

மேலே தென்னைமரம் உண்மையான தூரத்திலும், கீழே பவளத்தின் மாயபிம்பம் சில அங்குல தூரத்திலும் இருக்கின்றன. ஒரே ஃபோகஸ் இரண்டையும் தாங்க வேண்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் ஃபிஷ்ஐ லென்ஸையும் பெரிய டோமுக்குப் பின்னால் வையுங்கள். பெரிய டோமில் நீர்க்கோடும் மெல்லியதாக விழும். வெட் லென்ஸ் இங்கே உதவாது, நீருக்கு வெளியே அது தன் வேலையைச் செய்யாது. ஃபோகஸைப் பவளத்தின் மேல் பிடித்துப் பூட்டி, அபெர்ச்சரை எஃப் 16 வரை சுருக்கி, டோமை ஒருமுறை முழுவதும் நீரில் அமிழ்த்தி எடுத்து, மேற்பாதியில் துளிகள் திரளும் முன் அழுத்துங்கள்.